சிறுகாட்டின் கோளாறுகள்: கொழும்பிலிருந்து மரக்காணி பார்ப்பவருக்கு அறிகுறி வழி ஒரு பிழை நீக்கும் முறை

கொழும்பில் தொழில் பார்த்துக்கொண்டே ஹங்வெல்ல, இங்கிரிய, புளத்சிங்கள, ருவன்வெல்ல முதலிய பக்கங்களில் ஓர் ஏக்கரோ நான்கு ஏக்கரோ மரக்காணி வாங்கி, அதில் விடுதி கட்டாமலும் தேயிலை வைக்காமலும் காடாகவே விட்டுவைக்க விரும்புகிறவர்களுக்காக இவ்வழிமுறையை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டு, இங்கிரியவுக்கு அப்பால் இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த ஒரு துண்டைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தத் துண்டிலேயே எனக்கு வந்தவை; மற்றவை அயற்காணிக்காரருக்கு வந்தவை. "வெட்டாமலிருப்பதற்கு யாராவது காசு கொடுப்பார்களா" என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். தென்மேற்கு ஈரவலயத்தில் "காடு" என்ற பெயரில் விற்பனைக்கு வருவது அநேகமாகப் பால்வெட்டு நின்றுபோன இறப்பர்க் காணியே. இடையிடையே கித்துளும் கமுகும் பலாவும், ஓடைக்கரையில் தப்பிப் பிழைத்த, மழைக்காட்டுக்குரிய இரண்டொரு ஹொர மரமும் அதில் இருக்கும். ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் அந்த மண்ணில் காடு தானாகவே திரும்பிவர முயன்றுகொண்டிருக்கிறது. ஆகையால் எந்த அறிகுறியைக் கண்டாலும், "இங்கே எதை நடலாம்" என்று கேட்பதற்கு முன்னர் "இங்கே எது மறித்து நிற்கிறது" என்று கேட்பதே என் முறை. மறிப்பது சில வேளை ஒரு பன்னமாக இருக்கும், சில வேளை ஒரு பூஞ்சணமாக இருக்கும், பல வேளைகளில் காணிப் பதிவகத்தில் கிடக்கும் ஒரு தாளாக இருக்கும். தாளிலிருந்தே தொடங்குகிறேன்; உறுதியில், அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தில், உள்ள பழுதை எத்தனை மரம் நட்டாலும் திருத்த முடியாது.

அறிகுறி: உறுதியில் எழுதிய பரப்பு நிலத்தில் இல்லை

ஓர் ஏக்கர் நான்கு ரூட், அதாவது 160 பேர்ச்சஸ். என் உறுதியில் 2 ஏக்கர் 1 ரூட் என்று எழுதியிருந்தது. நில அளவையாளர் சங்கிலி பிடித்து முடித்தபோது கிடைத்தது 1 ஏக்கர் 3 ரூட் 18 பேர்ச்சஸ். குறைந்தது 62 பேர்ச்சஸ். அது கொழும்பில் பத்துப் பேர்ச்சஸ் வீட்டுத் துண்டுகள் ஆறுக்குச் சமம்.

காரணங்கள் மூன்று இருக்கலாம். பழைய உறுதிகள் பரப்பை அளந்து எழுதியவை அல்ல. "இத்தனை குறுணி குரக்கன் விதைப்பு", "இத்தனை பெலை நெல் விதைப்பு" என்று விதையின் கணக்கில் எழுதியதை, பின்னால் வந்த ஒரு நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) ஏக்கராக மாற்றி, "சற்று ஏறக்குறைய" என்ற சொல்லைச் சேர்த்திருப்பார். விதைப்புக் கணக்கு ஊருக்கு ஊர் வேறுபடுவதால் மாற்றம் பிழைத்துவிடும். அடுத்த காரணம், ஓடை கரையை அரித்ததும் பாதை அகலப்பட்டதும். மூன்றாவது, அயலவர் வேலியை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அரை அடி உள்ளே வைத்தது.

திருத்தும் முறை: முற்பணம் கொடுக்கும் முன்னரே உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிச் சென்று, பழைய அளவைப் படத்தை இன்றைய எல்லைகளின் மேல் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய படமே இல்லையென்றால் புதிய படமொன்றைக் கீறுவித்து, எல்லைக் கற்களை நட்டு, அயலவர்கள் நிற்கும்போதே கற்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். விலையை உறுதியின் பரப்புக்குப் பேசாமல் அளந்த பேர்ச்சஸுக்குப் பேசுங்கள். புதிய உறுதியின் அட்டவணையில் புதிய படத்தின் இலக்கமும் திகதியும் வரவேண்டும். செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வையை மறக்க வேண்டாம்: முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்பதால், முப்பது இலட்சம் ரூபாக் காணிக்கு 119,000 ரூபா தீர்வை மட்டும் ஆகும்.

அறிகுறி: விலை மலிவு, ஆனால் விற்பவர் "என் பங்கு" என்றே பேசுகிறார்

இது பிரிபடாத பங்கு. பாட்டனாரின் காணி பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிரிக்கப்படாமலே இறங்கி வந்திருக்கும். விற்பவருக்கு உரியது முழுக் காணியிலும் ஆறில் ஒன்றோ இருபத்துநான்கில் ஒன்றோதான். அவர் கையால் காட்டும் துண்டை அவர் நீண்ட காலமாக ஆண்டுவந்திருக்கலாம். ஆனால் பங்காளிகளுக்கிடையில் வெறும் ஆட்சி மட்டும் தனியுரிமை ஆகிவிடாது என்பதை நம் நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சொல்லியுள்ளன. நீங்கள் அதை வாங்கினால் முகம் தெரியாத பத்துப் பதினைந்து பேரோடு பங்காளியாகிறீர்கள். அவர்களில் எவரும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்கு வைக்கலாம். தீர்ப்பு வரும்போது நீங்கள் வளர்த்த மரங்கள் வேறொருவரின் துண்டில் விழலாம். காடு வளர்க்கிறவருக்கு இது மற்றவர்களைவிடக் கூடிய ஆபத்து, ஏனென்றால் அவருடைய முதலீடு முழுவதும் நகர்த்த முடியாதபடி வேரூன்றி நிற்கிறது.

எல்லாப் பங்காளிகளும் கையொப்பமிட்ட இணக்கப் பிரிவினை உறுதியொன்று முதலில் எழுதப்படட்டும், அதன் பின்னர் வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

அறிகுறி: காணியின் ஓரத்தில் வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறது, அல்லது ஊரார் அதை "ஆண்டுவின் காணி" (அரசாங்கக் காணி) என்கிறார்கள்

மரம் நிற்கும் காணியை வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டிய பழைய சட்டம் ஒன்று உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்கு, அதாவது அரசுக்கு, உரியது என்று அனுமானிக்கச் சொன்னது. வயற்காணி வாங்குகிறவருக்கு இந்தச் சுமை இல்லை. காட்டுக்காணி வாங்குகிறவருக்கே உறுதியின் வேர் எங்கே தொடங்குகிறது என்று காட்ட வேண்டிய நிலை வரும். நொத்தாரிசு முப்பது ஆண்டுகளுக்குப் பதிவேட்டைத் தேடுவது வழக்கம். மரக்காணிக்கு அதற்கும் அப்பால், முடியின் மூல வழங்கல் வரையோ பழைய தோட்டத்தின் உறுதி வரையோ போகச் சொல்லுங்கள்.

இதோடு இரண்டு சோதனைகள். விற்பவரின் கையிலிருப்பது உறுதியா, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரமோ அளிப்போ என்று பாருங்கள். பின்னையவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. காணி ஒரு பெரிய இறப்பர்த் தோட்டத்திலிருந்து உடைத்து விற்கப்பட்டதாக இருந்தால், தனியார் உடைமைக்கு 50 ஏக்கர் வரம்பு வைத்த 1972ஆம் ஆண்டின் காணி மறுசீரமைப்புச் சட்டத்தின்படி அந்தத் துண்டு உடைமையாளருக்கு விடப்பட்டதா, காணி மறுசீரமைப்பு ஆணைக்குழுவுக்குப் போனதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: காணி இருக்கிறது, போகும் வழி இல்லை

விற்பவர் உங்களை அழைத்துச் சென்ற ஒற்றையடிப் பாதை அவருடைய சித்தப்பாவின் காணிக்குள்ளால் போகிறது. அவர் விற்றுவிட்டுப் போனதும் சித்தப்பா படலையைச் சாத்திவிடுவார். வழியுரிமை அளவைப் படத்தில் கீறப்பட்டு உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

அறிகுறி: ஆறு மாதம் கழித்துப் போனால் வேலி நகர்ந்திருக்கிறது

கொழும்பில் இருக்கும் உடைமையாளரின் நிரந்தர நோய் இது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி எதிர்நிலையில் ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது எல்லையை முழுவதும் சுற்றி நடந்து, ஒவ்வொரு கல்லையும் திகதியோடு படமெடுங்கள். கல் பெயர்ந்திருந்தால் வாய்த்தர்க்கம் செய்வதைவிடக் கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸிலும் முறைப்பாடு பதிந்து இலக்கத்தைக் குறித்துக்கொள்வதே பயன்தரும். கம்பி வேலி ஓராண்டில் களவு போகும். மே மாத மழையில் மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றிய கிளிசிரிடியாத் தடிகள் இரண்டாண்டில் உயிர்வேலியாகிவிடும். காவலுக்கு ஒருவரை இருத்தினால், அவர் உங்கள் அனுமதியோடு மட்டுமே அங்கு இருக்கிறார் என்பதைக் கையொப்பத்தோடு எழுதி வாங்குங்கள். இது அவரைச் சந்தேகிப்பதாகாது. அவருடைய பிள்ளைகளின் காலத்துக்கான ஏற்பாடு.

அறிகுறி: வெயில்பட்ட சரிவில் பன்னம் மட்டுமே வளர்கிறது, ஒரு மரக்கன்றும் இல்லை

இனி மண்ணுக்கு வருகிறேன். ஊரார் கெகில்ல என்று அழைக்கும் இந்தப் பன்னம், எரிக்கப்பட்டும் அரிக்கப்பட்டும் சத்திழந்த சரிவுகளில் இடுப்பளவுக்குப் பாய்போல் படர்கிறது. மேலே பசுமையாகத் தெரிந்தாலும் அடியில் காய்ந்த காம்புகள் ஓரடித் தடிப்பில் கிடக்கும். விழும் விதை மண்ணைத் தொடாது, தொட்டாலும் வெளிச்சம் காணாது. கையை உள்ளே விட்டுப் பார்த்தால் கம்பிபோன்ற வேர்த்தண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது புலப்படும்.

ஊரில் இதற்குத் தரப்படும் முதல் ஆலோசனை நெருப்பு. மாசி, பங்குனி வறட்சியில் ஒரு தீக்குச்சி போதும், ஒரு மணித்தியாலத்தில் சரிவு வெளியாகிவிடும். ஆனால் வேர்த்தண்டு மண்ணுக்குள் தப்பிவிடும். சாவது அதனிடையே எப்படியோ தலை நீட்டிய மரக்கன்றுகள்தாம். ஒவ்வொரு எரிப்பும் பன்னத்துக்கே இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. நான் இதை ஓர் அயலவருக்கு மூன்று ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். நான்காம் ஆண்டும் எரித்தார்.

பயன்தந்த முறை மெதுவானது. சரிவுக்குக் குறுக்காக, சமமட்டக் கோட்டின் வழியே ஒரு மீற்றர் அகலப் பட்டைகளாகப் பன்னத்தை வெட்டி, வேர்த்தண்டை மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு மீற்றர் பன்னத்தை அப்படியே விட்டுவிடுங்கள், மண்ணைப் பிடித்து வைத்திருப்பது இப்போதைக்கு அதுதான். சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் வெளியாக்கினால் வைகாசி மழை மேல்மண்ணை ஓடையில் சேர்த்துவிடும். வெளியாக்கிய பட்டைகளில் ஆளுயரத் தடிகளைக் குறுக்குச் சட்டத்தோடு நட்டு வையுங்கள். கொண்டைக்குருவிகள் வந்து அமர்ந்து கெந்த, கெடும்ப போன்ற முன்னோடி மரங்களின் விதைகளை எச்சத்தோடு போடும். இம்மரங்கள் வெயிலில் விரைந்து வளர்ந்து நிழல் தரும், நிழல் விழுந்த இடத்தில் கெகில்ல தானே மெலியும். என் சரிவில் இந்த வேலை ஐந்து ஆண்டுகள் எடுத்தது. நான் பணம் கொடுத்து வாங்கி நட்டவற்றைவிட குருவிகள் நட்டவையே மிகுதியாக நிற்கின்றன.

அறிகுறி: நட்ட கன்றுகள் இறக்கின்றன

இறந்த கன்றைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். எப்படி இறந்தது என்று பாருங்கள்.

நுனியிலை கருகி, தண்டு பச்சையாக இருந்தால் வெயில் கூடிவிட்டது. ஹொர, நாகமரம் போன்றவை இளமையில் அரைநிழலை வேண்டுபவை. அவற்றை வெறுஞ்சரிவில் நடுவது பிழை. தண்டின் அடி மென்மையாகிக் கறுத்திருந்தால் ஆழமாக நட்டுவிட்டீர்கள், அல்லது களிக்குழியில் நீர் தேங்கிவிட்டது. இரண்டாண்டு ஒரு சாணும் வளராமல் நின்று மூன்றாமாண்டு காற்றில் சாய்ந்தால் வேரைத் தோண்டிப் பாருங்கள்: பொலித்தீன் பையில் நெடுங்காலம் கிடந்த கன்றின் ஆணிவேர் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும். கன்று வாங்கும்போதே பையின் அடியைக் கிழித்துப் பார்க்க அனுமதிக்காத நாற்றுமேடையில் வாங்க வேண்டாம். தை, மாசியில் கூட்டமாக இறந்தால் மழை முடியும் தறுவாயில் நட்டிருக்கிறீர்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே கடைசியோ, இடைப்பருவ மழையின் ஒக்டோபரோதான் காலம். ஹொர விதையைச் சேகரித்து வைத்துப் பின்னர் விதைக்கலாம் என்று எண்ணினால் அதுவும் நடவாது. உலர்ந்தால் சில வாரங்களில் முளைக்கும் திறன் போய்விடும்.

முதலாண்டில் 120 ஹொரக் கன்றுகளை வெயிற்சரிவில் நட்டேன். மறு பங்குனியில் எண்ணியபோது ஒன்பது இருந்தன. மேலே எழுதிய பிழைகளில் மூன்றை ஒரே நாளில் செய்திருந்தேன்.

அந்த வேளையில்தான் தம்புள்ளையில் சாம் பொப்ஹம் என்ற ஓய்வுபெற்ற தேயிலைத் துரை செய்ததை அறிந்தேன். அவர் 1963இல் அங்கு ஒரு புதர்க்காணியை வாங்கி, முதலில் எல்லோரையும்போல் கன்றுகளை நட்டார், அவை நிற்கவில்லை. பின்னர் நடுவதை நிறுத்திவிட்டு, முட்புதரை மட்டும் அகற்றி, அதனடியில் தாமாக முளைத்திருந்த உள்ளூர் மரங்களுக்கு இடமும் வெளிச்சமும் கொடுத்தார். அந்த மரவளாகம் இன்று தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பொறுப்பில், பார்க்க வருவோருக்குத் திறந்திருக்கிறது. அது உலர்வலயம், நம்முடையது ஈரவலயம். புதரின் பெயர்களும் மழையின் கணக்கும் வேறு. ஆயினும் முதல் வேலை நடுவது அன்று, முளைத்திருப்பதை அடையாளம் கண்டு அதைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டம் வெளியாக்குவது என்பது இங்கும் பொருந்தியது. என் காணியில் வேலை செய்யும் பெரியவருக்கு எல்லாக் கன்றின் பெயரும் சிங்களத்தில் தெரியும். அவர் சொல்லச் சொல்லத் தமிழெழுத்தில் எழுதி வைத்த கொப்பிதான் எனக்கு நூலகம்.

நட்டேயாக வேண்டுமென்றால் வெளிச்சத்தின் அளவைக் கவனியுங்கள். சிங்கராசா மழைக்காட்டின் ஓரத்துப் பைன் தோட்டங்களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் அவர்களோடு பணியாற்றியவர்களும் மழைக்காட்டு மரங்களை நட்டுப் பார்த்தபோது, மூடிய பைன் நிழலில் அவை வளராமல் நின்றன. மூன்று வரிசைப் பைன்களை அகற்றித் திறந்த இடைவெளிகளிலேயே நன்கு வளர்ந்தன. கிழட்டு இறப்பருக்கு அடியிலும் இதுவே பாடம்: முழுவதையும் வெட்டாதீர்கள், ஒன்றையும் வெட்டாமலும் விடாதீர்கள். வீடொன்றின் அகலத்துக்கு ஆங்காங்கே திறந்து, அங்கே நடுங்கள்.

அறிகுறி: மரங்கள் ஒரு வட்டமாகப் பட்டுக்கொண்டு போகின்றன

இலை வெளிறி மஞ்சளாகும், பருவமில்லாத காலத்தில் பூக்கும், பின் கிளைகள் நுனியிலிருந்து காயும். அடுத்த ஆண்டு பக்கத்து மரத்துக்குத் தொடரும். அடித்தண்டில் செம்மஞ்சள் நிறத் தட்டுக் காளான் இருந்தால், அல்லது வேரைத் துலக்கிப் பார்க்கும்போது வெண்ணிற நூல்கள் ஒட்டிப் படர்ந்திருந்தால், அது இறப்பருக்கு வரும் வெண்வேர் நோய். வெட்டிய இறப்பரின் அடிக்கட்டையிலும் மண்ணில் புதைந்த வேரிலும் இந்தப் பூஞ்சணம் ஆண்டுக்கணக்காகத் தங்கி, வேர் வேரைத் தொடும் இடத்தில் தாவுகிறது. பலா, ஈரப்பலா, மரவள்ளி ஆகியவற்றையும் பற்றும் என்பதால், இறப்பர் பட்ட குழியிலேயே பலாவை நடுகிறவர் நோய்க்குச் சோறு போடுகிறார்.

பட்ட மரத்தையும் அதன் அடிக்கட்டையையும் பெருவேர்களையும் தோண்டி எடுத்து, வெயிலில் காயவைத்து அகற்றுங்கள். நோயுற்ற வட்டத்துக்கு வெளியே, நல்ல மரங்களின் வேரும் உட்படாதபடி, இரண்டரை அடி ஆழத்தில் ஓர் அகழியை வெட்டி அதை இலை சேரவிடாமல் துப்புரவாக வைத்திருங்கள். அயல் மரங்களின் அடிமண்ணில் கந்தகத்தூள் கலப்பது வழக்கமான காப்பு. வட்டத்தின் நடுவை ஓரிரு ஆண்டுகள் புல்லுக்கு விட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: மர உச்சிகளைக் கொடி மூடுகிறது, அல்லது எங்கும் ஒரே இனக் கன்று

மிக்கானியாக் கொடியை இழுத்து வீழ்த்தாதீர்கள், கிளையும் முறிந்து வரும். அடியில் வெட்டி வேரைப் பிடுங்கிவிட்டு, மேலே உள்ளதை அங்கேயே காயவிடுங்கள். வெட்டிய தண்டு ஈரமண்ணில் கிடந்தால் கணுக்கணுவாக வேர்விடும். கல்லின் மேல் குவியுங்கள். பூக்குமுன் செய்ய வேண்டும்.

எங்கும் ஒரே மாதிரி நேர்த்தண்டுக் கன்றுகள் முளைத்து, காடு மீள்கிறதென்று மகிழ்ச்சி தந்தால், அது ஹவரி நுகவா என்று ஒரு முறை சோதியுங்கள். காற்றில் விதை பரப்பும் அந்த வந்தேறி மரம் சில ஆண்டில் இடத்தைத் தனதாக்கிவிடும். முழங்காலளவில் கையால் பிடுங்கலாம். மயிரடர்ந்த இலையும் கருநீலப் பழமும் உள்ள கட்டக்காலு போவிட்டியாப் புதரும் அப்படியே.

அறிகுறி: மஹோகனியின் நுனி பட்டு, தண்டு இரண்டாகக் கவர்விடுகிறது

தளிர்த்துளைப்பான் புழு. வெயிலில் தனித்து நட்ட மஹோகனிக்கே இது கடுமை. பலாவின் பக்கநிழலில் வளர்ந்தவற்றுக்குக் குறைவு. கவரில் நேரானதை வைத்து மற்றதை வெட்டிவிடுங்கள்.

அறிகுறி: கன்றுகள் தோண்டப்பட்டுள்ளன, அடிப்பட்டை கறண்டப்பட்டுள்ளது

மண் உழுததுபோல் புரண்டிருந்தால் காட்டுப்பன்றி. அடிப்பட்டையில் உளிபோன்ற பற்தடமும், கித்துள், கமுகுக் கன்றுகளின் குருத்து தின்னப்பட்டும் இருந்தால் முள்ளம்பன்றி. கன்றைச் சுற்றி மூங்கிற் கூடு வைப்பதோடு நிறுத்துங்கள். பொறித்துவக்கும் மின்கம்பியும் வெடிப்பொறியும் சட்டவிரோதமானவை என்பது ஒருபுறம். உங்கள் காணியில் வேறொருவர் கட்டிய பொறித்துவக்கு முழங்கால் உயரத்தில் மனிதரையும் சுடும் என்பதே பெரிய விடயம். நெடுநாள் கழித்துப் போகும்போது ஊரவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, முன்னே ஒரு நீண்ட தடியால் பாதையைத் தட்டிக்கொண்டு நடவுங்கள்.

அறிகுறி: மெல்லிய மரங்கள் வெட்டிப் பிளந்து விடப்பட்டுள்ளன

வல்லப்பட்டை தேடுகிறவர்கள் வந்து போயிருக்கிறார்கள். நறுமணப் பிசினுக்காகக் கடத்தப்படும் இம்மரத்தில் பிசின் இருக்கிறதா என்பது பிளந்தால்தான் தெரியும் என்பதால், பத்தைப் பிளந்து ஒன்றில் எடுப்பார்கள். தடயங்களைக் கலைக்காமல் படமெடுத்து, பொலிஸிலும் வட்டார வன அலுவலகத்திலும் அறிவியுங்கள். உங்கள் காணியில் வல்லப்பட்டை நிற்கிறது என்ற செய்தியை முகநூலில் படத்தோடு போட்டது நீங்களேயென்றால், அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: சரிவில் வெடிப்பு, சாயும் மரம், திடீர்ச் சேற்றூற்று

இதில் மட்டும் காரணத்தை நின்று ஆராய வேண்டாம், விலகுங்கள். இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை மாவட்டங்களின் சரிவுகள் மண்சரிவுக்கு உட்பட்டவை. 2016 மே மாதம் அரநாயக்கவில் ஒரு மலைச்சரிவு கிராமங்களின் மேல் இறங்கியதை நாம் கண்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று படிகளைக் கொண்டது: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100 கடந்தால் ஆயத்தம், 150 கடந்தாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம். நேர்ச்சுவர்ப் பாத்திரம் ஒன்றும் அளவுகோலும் இருந்தால் மழையைக் காணியிலேயே அளக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அழைப்பு இலக்கம் 117. மழை ஓய்ந்த பின்னர் பார்க்க வேண்டியவை: மேற்சரிவில் யாராவது வீதிக்கு மண்வெட்டினார்களா, வடிகாலை உங்கள் பக்கம் திருப்பினார்களா, நீங்களே பன்னத்தை முழுவதும் வழித்தீர்களா. காணியில் சிறு கொட்டில் கட்டுவதானாலும் முதலில் அந்நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பெறுங்கள்.

அறிகுறி: மரம் ஏற்றிய லொறியைப் பொலிஸார் நிறுத்திவிட்டார்கள்

சொந்தக் காணியின் மரம் என்பது போதிய விடை அன்று. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதற்கே 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். கிராம உத்தியோகத்தரின் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெட்டிய மரத்தை வீதியில் ஏற்றிச் செல்வது வேறு விடயம்: விலக்களிக்கப்பட்ட சில இனங்கள் தவிர மற்றவற்றுக்குக் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரம் தேவை. மரவியாபாரி "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், ஐயா" என்று சொன்னாலும், பத்திரத்தைக் கண்ணால் பார்த்து, அதிலுள்ள மர எண்ணிக்கையும் லொறி இலக்கமும் திகதியும் சரியா என்று சோதித்த பின்னரே வண்டியை விடுங்கள்.

அறிகுறி: காணிக்குப் போய் வந்து சில நாளில் காய்ச்சல்

கொழும்புக்காரர் முதலில் டெங்குவையே நினைப்பார். சேற்றிலும் ஓடையிலும் நின்றிருந்தால் எலிக்காய்ச்சலும் இருக்கலாம்; வைத்தியரிடம் எங்கே, எந்த வேலை செய்தீர்கள் என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் முன்காப்பு மாத்திரை பற்றி விசாரித்துவிட்டு வேலைக்கு இறங்குவது நல்லது. இறப்பர்ச் சருகுக்குள் குனகட்டுவா எனப்படும் சிறுவிரியன் கிடக்கும். நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புநஞ்சு எதிர்மருந்து அதன் நஞ்சுக்குரியது அன்று. ஆகவே காலணியும் தடியுமே காப்பு. கடித்தால் கீறாமல், கட்டாமல், அசையாமல் அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்.

அறிகுறி: எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை

மூன்றாம் ஆண்டில் எல்லோருக்கும் வரும் ஐயம் இது, அப்போதுதான் தேவையற்ற வேலைகளும் தொடங்கும். பத்து மீற்றர் சதுரம் ஒன்றை நான்கு மூலைக் கல்லோடு குறித்து, ஒவ்வொரு தை மாதமும் அதனுள் முழங்காலுக்கு மேல் வளர்ந்த மரக்கன்றுகளை இனவாரியாக எண்ணி எழுதுங்கள். எண்ணிக்கையும் இனமும் கூடினால் மண்வெட்டியைக் கொட்டிலுக்குள் வைத்துவிடுங்கள். எண்ணிக்கை கூடி இனம் குறைந்தால் ஹவரி நுகவைத் தேடுங்கள். இரண்டும் குறைந்தால் அந்தச் சதுரத்தில் வெளிச்சம், பன்னம், நெருப்பின் தடம், விலங்கின் தடம் என்ற வரிசையில் பார்த்து, மேலே உரிய பகுதிக்குத் திரும்புங்கள்.